இறந்தவர் கையுறை கேட்கிறார்

லியெபாயா துறைமுகம். பழைய சுங்க அலுவலகத்தின் நிலவறை.
இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்,
மூடிப்போன கயிற்றாலை விட்டுச்சென்றவை.
தார் வாசனை இன்னும் காகிதத்தை விட்டு இறங்கவில்லை.
நகராட்சி எனக்குத் தந்தது
ஒரு மேசை, ஒரு ஹீட்டர்,
செலவு வைக்காதே என்று ஒரு வரி.

ஆகவே விலையில்லாத மென்பொருளை இறக்கினேன்.
யார் யாரோ எழுதியது.
யார் வேண்டுமானாலும் உள்ளே கைவிட்டுத் திருத்தலாம்
என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.
தாழ்ப்பாள் இல்லாத வீடு.
எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

படிவம் கேட்கும்:
தலைப்பு. ஆக்கியவர். அளவு. தேதி.
ஈரம் தின்ற சீட்டுகளில் தேதி ஏது?
கட்டத்தைக் காலியாக விட்டு
அடுத்ததற்குப் போவேன்.
இரண்டு குளிர்காலம் இப்படி,
திரும்பிப் பார்க்காமல்.

மார்ச்சில் அவுஸ்மா வந்தார்.
நனைந்த தொப்பியைக் கழற்றாமலே அம்மாவின் பெயரைச் சொன்னார்:
பவ்லீனெ க்ரௌக்லெ.
ரஷ்யப் பதிவேட்டில் அவர் பவ்லினா க்ராவ்க்லே.
சம்பளப் பட்டியலில் ப. க்ரா, அப்புறம் மசி.
மூவரும் ஒருத்திதான் என்று நான் முன்பே
முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.
தேடல் ஒரு நொடியில் இழுத்துவந்தது ஒரு சீட்டை:

"முறுக்குக் கூடம். ஒரு ஜோடி கையுறை வேண்டும்.
இருப்பதில் விரல் தெரிகிறது."

கீழே, திரை தானாகச் சேர்த்த தேதி.
1970 ஜனவரி 1.

அவுஸ்மா நெடுநேரம் பார்த்தார்.
"அறுபத்தொன்றில் அம்மாவைப் புதைத்தோம்.
மண் உறைந்து கிடந்தது, கடப்பாரை வேண்டியிருந்தது.
அதற்கப்புறம் எதற்குக் கையுறை?"
கோபமில்லை. உண்மையாகவே கேட்டார்.

அவர் போனபின் அந்த ஒரு நாளைத் தேடினேன்.
மூவாயிரத்து நானூற்றுப் பதினொன்று.
தேதி தொலைத்த அத்தனை பேரும்
அந்த நாளுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்:
குடித்துவிட்டு வந்ததற்கு அபராதம் கட்டுகிறவன்,
கல்யாணத்துக்கு லீவு கேட்பவள்,
உருளைக்கிழங்கு மூட்டையை ஸ்டோர்காரன் திருடினான் என ஒரு மொட்டைக் கடிதம்,
திருடவில்லை என அதே கையெழுத்தில் இன்னொன்று,
முதல் போருக்கு முன்பே செத்திருக்க வேண்டிய
ஒரு குதிரைக்கு லாடம்.
எந்தத் திருவிழாவிலும் இந்த ஊர்
இப்படிக் கூடியதில்லை.

என் அரைகுறை ஆங்கிலத்தில் பிழையறிக்கை எழுதினேன்.
தலைப்பு: இறந்தவர் கையுறை கேட்கிறார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது.
மொசாம்பிக், பெய்ரா. அடெரிட்டு என்று பெயர்.
பகலில் துறைமுகக் கணக்கு, இரவில் இது.
"எங்கள் பதிவேடுகளில் வெள்ளம் புகுந்தது,
அந்த நாளில் என் ஆட்களும் நிற்கிறார்கள்.
காலிக் கட்டத்தை இயந்திரம் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது.
அதற்குப் பூஜ்யமும் ஒரு தேதி,
அது எண்ணத் தொடங்கிய நாள்.
தெரியாததைத் தெரியாது என்று சொல்ல
நாம்தான் அதை விடவில்லை."
கூடவே பதினோரு வரி நிரல்.
காசு கேட்கவில்லை.
கையுறை கிடைத்ததா என்று மட்டும் கேட்டிருந்தார்.

சீட்டில் அது இல்லை.
இல்லை என்றே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுப்பித்தேன்.
அந்த நாளை விட்டு ஒவ்வொருவராய் இறங்கிப் போனார்கள்,
குதிரை, குடிகாரன், கல்யாணப்பெண்,
"தேதி தெரியவில்லை" என்ற இரண்டு சொல்லை
ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு.
பவ்லீனெயும் போனார், வெறுங்கையோடு.

ஹீட்டரை அணைக்கும் முன்
பழக்க தோஷத்தில் மறுபடி தேடினேன்.
பூஜ்யம் வருமென்று பார்த்த இடத்தில் ஒன்று.
இரவுக் காவலாளியின் நோட்டுப் புத்தகம், நூற்று நாற்பதாம் பெட்டி.
1970 ஜனவரி 1.
பென்சிலில் அவனே அழுத்தி எழுதிய தேதி:

"விடுமுறை. பனி.
கதவை இரண்டு தரம் போய்ப் பார்த்தேன்.
யாரும் வரவில்லை."